கை சுத்தமானதும் கல்யாணம்

கோபம் வந்தால் எனக்கு முதலில் சூடேறுவது உள்ளங்கைதான். முகமும் வாயும் அதற்குப் பிறகு. தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் அடி விழாத வீடு கிடையாது. அப்பா அம்மாவை அடிப்பார், அம்மா என்னை அடிப்பாள், நான் தம்பியை அடிப்பேன், தம்பி அடுத்த வீட்டு ஆட்டை ஒரு உதை விட்டுவிட்டு வருவான். ஆடு யாரைப் போய் முட்டியது என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

டாக்டருக்குப் படித்த பிறகும் பல வருஷம் அங்கேயே ஒரு சின்ன டிஸ்பென்சரியில் உட்கார்ந்தேன். கிழிந்த உதடு, வீங்கிய கண், வேரோடு பிடுங்கின முடி. வந்த பெண்கள் எல்லோருமே ஏணியிலிருந்து விழுந்தவர்கள். தாராவியில் மாடிக்கு ஏற ஏணிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏணியிலிருந்து விழுகிறவளுக்குக் கழுத்தில் எப்படி ஐந்து விரலும் பதியும்? கேட்டால் சிரிப்பார்கள். தையல் போட்டு முடித்ததும் புருஷன்காரன் மருந்துச் சீட்டு வாங்க வந்து நிற்பான். அப்போது மேஜைக்கடியில் என் வலது கையை இடது கையால் பிடித்து வைத்திருப்பேன்.

நாற்பதை நெருங்கும்போது அலுத்துவிட்டது. உடைந்த முகங்களைப் பார்த்தது போதும், கொஞ்ச காலம் உடையாத முகங்களைப் பார்க்கலாம் என்று அழகியல் மருத்துவத்தில் ஒரு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். பயிற்சி செம்பூரில் ஒரு கிளினிக்கில். ஏசி, வெள்ளைச் சுவர், மல்லிகை வாசத்தைப் புகையாக விடுகிற ஒரு சின்ன எந்திரம். முதல் வாரம் அந்த வாசத்தில் எனக்குத் தலைவலியே வந்தது.

இந்தப் படிப்பில் பரீட்சையைவிடப் பெரிய தொல்லை போர்ட்ஃபோலியோ. பார்க்கிறவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, வருகிற ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து, செய்ததை எழுத வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. அப்போது உன் மனதில் என்ன ஓடியது, எங்கே தடுமாறினாய், மறுபடி செய்தால் எதை மாற்றுவாய் என்றும் எழுத வேண்டும். நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்ட ஓர் அம்மாளுக்கு ஒரு புருவம் மட்டும் மேலே ஏறிக்கொண்டது. அதை நான் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். 'உணர்வு போதவில்லை' என்று திரும்பி வந்தது. புருவம் ஏறினதற்கு ஒப்பாரியா வைக்க முடியும்?

அப்படி எழுதினவர் என் மேற்பார்வையாளர், கிளினிக்கின் சொந்தக்காரர். என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "நீங்க பண்ணினதை மட்டும் எழுதறேள். அப்போ உள்ளுக்குள்ள என்ன ஆச்சுன்னு எழுதுங்கோ" என்பார். போட்டோ விஷயத்தில் மட்டும் ராட்சசி. எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே வெளிச்சம், ஒரே தூரம், பின்னால் அதே நீலத் துணி, கை அதே கோணம். தரையில் காமிராக்காரர் நிற்கும் இடத்துக்கு டேப் ஒட்டியிருந்தார். "வித்தியாசம் லேசரால வந்ததா லைட்டால வந்ததான்னு நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்லுவேள்?" நான் அதைக் கற்றுக்கொண்டேன். என் போட்டோக்கள் அவருடையதைவிட நன்றாகவே வந்தன.

போர்ட்ஃபோலியோவில் எனக்கு, குத்தின பச்சையை லேசரால் அழிக்கிற கேஸ் ஒன்று பாக்கி இருந்தது. அப்போதுதான் அந்த அண்ணனும் தங்கையும் வந்தார்கள்.

அண்ணனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தாராவியில் சட்டை தைக்கிற கார்கானாவில் இஸ்திரி மாஸ்டர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தங்கைக்கு இருபது வயது. இடது முன்கையின் உட்பக்கம் மணிக்கட்டுக்கு மேலே, கெட்டியான தமிழ் எழுத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அவளுக்கு இனி அதனால் எந்த லாபமும் இல்லை.

"டாக்டர், ஏக்தம் சாஃப் ஆயிரணும். மார்க்கு ஒண்ணும் தெரியக் கூடாது" என்றான் அண்ணன். "ஒரே சிட்டிங்ல போயிருமா?"

"ஒரே தடவையில போவாது. ஆறேழு தடவை ஆவும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒண்ணரை மாசம் விடணும்."

என் பேச்சைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "நீங்க நம்ம பக்கமா? ஊரு எது?"

"தாராவி."

"அது இல்ல. ஊர்ல."

திருநெல்வேலிப் பக்கம் என்றேன். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள், தெருவைக் கேட்பார்கள்.

"எந்தத் தெரு?"

"தாராவியில எந்தத் தெருன்னு கேட்டா சொல்லுதேன்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான். மரியாதையான பையன். தங்கைக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தான், துப்பட்டா சரிந்தபோது எடுத்துத் தோளில் போட்டான். கையை நீட்டு என்று நான் சொன்னால், தங்கை முதலில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினாள். இப்படி நீட்டுகிறவளைத் தனியாகப் பார்த்தாக வேண்டும் என்பது டிஸ்பென்சரியில் நான் கற்றது.

லேசர் போடும்போது அறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அலமாரியில் நான்கு இருந்தன. "எனக்கும் அவளுக்கும்தான் இருக்கு தம்பி, நீங்க வெளிய இருங்க. கண்ணு போயிரும்" என்றேன். கண் போகும் என்றதும் உடனே எழுந்து போனான்.

கதவை அடைத்துவிட்டு அவளிடம் கேட்டேன். "இது போவணும்னு உனக்கு ஆசை இருக்கா?"

"இது போச்சுன்னா கல்யாணம் டாக்டர்" என்றாள்.

வீட்டில் அவளும் அண்ணனும் படித்தது இந்தி மீடியத்தில். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அதனால்தான் தமிழில் குத்திக்கொண்டாளாம். அந்தப் பெயருக்கு உரிய பையன்தான் அந்த எழுத்துகளை அவளுக்கு ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியிருக்கிறான். வீட்டில் கேட்டபோது குலதெய்வத்தின் பெயர் என்று சொல்லிவிட்டாள். "எங்கம்ம வெள்ளிக்கிழமையானா என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுவா" என்று சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீடு ஒரு பையனின் பெயரைக் கும்பிட்டிருக்கிறது.

பிறகு ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார், அவளுக்கு மாப்பிள்ளை பேச. சாப்பாடு போடக் குனிந்தவளின் கையை அவர் வாசித்தார். அவர் தமிழில் படித்தவர். பெயரைப் பார்த்ததும் எந்தத் தெருப் பையன் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. சோற்றுத் தட்டு அப்படியே அவள் முகத்தில் வந்து விழுந்தது. அடுத்த வாரம் விக்ரோலியில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பையனை அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் ரயில்வே பாலத்துக்கடியில் மடக்கி, இரும்புக் கம்பியால் காலை இரண்டு இடத்தில் உடைத்தார்கள். மாமா ஊருக்குக் கிளம்பும்போது ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கை சுத்தமானதும் கல்யாணம்.

"அவன் எந்திச்சு நடக்க நாலு மாசம் ஆவுங்காங்க. நடந்துட்டான்னா வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவான். அது வரைக்கும் மெதுவா எடுங்க டாக்டர். அண்ணனுக்குத் தெரியாம."

"போலீஸுக்குப் போவோமா?"

"அண்ணனை உள்ள போட்டா வெளிய இருக்கவங்க அவன் இன்னொரு காலையும் ஒடிப்பாங்க."

வெளியே போய் அந்த மடிப்புக் கலையாத சட்டையைப் பிடித்துப் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கலாம் போலிருந்தது. ஆனால் அதனால் அவளுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. லேசர் எந்திரத்தில் சக்தியைக் குறைத்தேன். லேசர் படும் இடத்தில் தோல் பொரிந்து வெள்ளையாக எழும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சக்தி குறைவாக இருந்தாலும் லேசாக வெளுக்கும். மை மட்டும் அசையாது. சடசடவென்று சத்தம் வந்தது, மயிர் கருகும் நாற்றமும் வந்தது. அண்ணன் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "நல்லா வெள்ளையாயிருச்சேக்கா" என்று சந்தோஷப்பட்டான்.

போர்ட்ஃபோலியோவில் எழுத வேண்டுமே. 'நிறம் அழுத்தமான தோல் என்பதால் குறைந்த சக்தியில் தொடங்கினேன். இளம் பெண்ணின் கையில் நிரந்தரத் தழும்பு விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்குள் இருந்தது' என்று எழுதினேன். அவசரப்படாமல் இருப்பது, நோயாளியின் வாழ்க்கையை மனதில் வைப்பது என்று இன்னும் ஒரு பத்தி. 'மிகவும் நன்று, உணர்வு தெளிவாக வந்திருக்கிறது' என்று மேடம் பாராட்டியிருந்தார். பொய் எழுதினால்தான் எனக்கு உணர்வு வரும்போலிருக்கிறது.

இரண்டாம் தடவை வந்தபோது அவள் நாற்காலியில் சாயவில்லை. முதுகைக் காட்டு என்றேன். பெல்ட்டின் வார் பட்ட இடமெல்லாம் கன்றி, பக்கிள் பட்ட இடம் தோல் பெயர்ந்திருந்தது. யாருடைய போனிலிருந்தோ விக்ரோலிக்குப் பேசிவிட்டாளாம். "காலுல பிளேட் வச்சிருக்காங்களாம். வாக்கர் வச்சு நடக்கானாம்" என்று அந்த முதுகோடு எனக்குச் சேதி சொன்னாள். முதுகுக்கு மருந்து போட்டேன். முதுகை யாரும் என்னிடம் போர்ட்ஃபோலியோவில் கேட்கவில்லை, ஆனாலும் அதையும் நீலத் துணிக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவைக்குப் பிறகு மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் அவள் கையின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்.

"எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒண்ணுமே ஆகலையே. இந்த செட்டிங்க்ல ஒருநாளும் போகாது. இது உங்களுக்குத் தெரியாம இருக்காது. என்ன பண்றேள்?"

இவ்வளவு நன்றாகப் போட்டோ எடுத்தால் மாட்டிக்கொள்ளத்தானே செய்ய வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவளுக்கு இஷ்டமில்லேன்னா மொதல் நாளே நிறுத்தியிருக்கணும். இஷ்டமில்லாதவளுக்குக் கம்மியா லேசர் போடறதும் லேசர்தான். ட்ரீட்மெண்ட்டுங்கற பேர்ல நாடகம் போடக் கூடாது."

"நிறுத்தினா கூட்டிட்டு வேற எங்கயாவது போவான் மேடம். பார்லர்ல ஆசிட் தடவி எடுக்கிறவங்க இருக்காங்க. ஒரு வாரத்துல முடிச்சிருவாங்க. அடுத்த வாரம் கல்யாணம்."

"அது நம்ம கையில இல்லை."

"உங்க கையில இல்ல" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. வெளியே ரிசப்ஷனில் பேச்சு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த தடவை தானும் உடனிருந்து அந்தப் பெண்ணிடம் பேசுவதாகவும், பெண்களுக்கான உதவி அமைப்பு ஒன்றில் தனக்குத் தெரிந்த வக்கீல் இருப்பதாகவும் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஒத்துக்கொண்டு வந்தேன். அப்போது அவர் மேல் எனக்கிருந்த கோபம் இப்போதும் முழுசாகப் போகவில்லை.

அடுத்த தடவை வரை காத்திருக்க எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்தக் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. பல தடவை வர வேண்டிய சிகிச்சையில் ஆட்கள் பாதியில் சலித்துப்போய் நின்றுவிடுவார்கள் என்று, நடுவில் ஒருமுறை அதுவரை எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்த்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். முகப்பரு போன கன்னத்தைப் பார்த்தால் யாருக்கும் உற்சாகம் வரும்தானே. அவளுக்கென்று போன் கிடையாது. பதிவில் இருந்தது அண்ணனின் நம்பர். நான் போர்ட்ஃபோலியோவுக்காக ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் எடுத்து வரிசைப்படுத்தி வைத்த படங்கள் ரிசப்ஷனிலிருந்து அப்படியே அவனுக்குப் போய்விட்டன. முதுகு மட்டும் வேறு இடத்தில் இருந்ததால் போகவில்லை.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்துக்குப் படம் மை துளிகூடக் குறையவில்லை என்பதைப் பார்க்கப் படிப்பு எதற்கு?

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அப்பாயின்ட்மெண்ட் இல்லாமல் வந்தார்கள். அதே மாதிரி மடிப்புக் கலையாத சட்டை. அவள் கையில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. கதவைத் திறக்கும்போதே சீழ் நாற்றம் அடித்தது. துணியை நனைத்து நனைத்துப் பிரித்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி வரை தோல் இல்லை. ஓரத்தில் ஒரு கூர்மையான வளைவு, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு. பெயர் சுத்தமாகப் போயிருந்தது.

"கொஞ்சம் புண்ணாயிருச்சுக்கா" என்றான் அவன். "கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தழும்பு தெரியாம சரி பண்ணிக் குடுங்க. இந்தத் தடவை ஏமாத்தாதீங்க."

நான் அவனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் கேட்டேன். "யாரு செஞ்சது?"

அவள் இந்த முறை அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணன் கார்கானாவுல இருந்து பொட்டிய வீட்டுக்கு எடுத்துட்டு வந்தான். எங்கம்ம கையைப் பிடிச்சிக்கிட்டா."

"விக்ரோலிப் பையன்?"

"அவங்க வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. போன் ஸ்விட்ச் ஆஃப். வரமாட்டான் டாக்டர், பயந்துட்டான்."

உள்ளங்கை சூடானது. பஞ்சும் கத்தரிக்கோலும் இருந்த ஸ்டீல் தட்டு பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து, தட்டையாகக்கூட இல்லை, விளிம்பால் அவன் காதைப் பார்த்து வீசினேன். காது கிழிந்தது. அவன் நம்ப முடியாமல் "அக்கா" என்றான். இன்னொரு தடவை அடித்தேன். அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் குத்தினான், மோதிரம் என் புருவத்தைப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கீழே விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தான். நான் அவன் கணுக்காலைப் பிடித்துக் கடித்தேன். மரியாதையான இரண்டு பேர் அந்த வெள்ளை அறையின் தரையில் நாய்களைப் போலக் கிடந்து புரண்டோம். அவனைக் கொன்றிருந்தால்கூட அந்த நிமிஷத்தில் எனக்கு வருத்தம் வந்திருக்காது.

எங்கள் இருவரையும் தாண்டி அவள் கதவைத் திறந்து வெளியே போனாள். காத்திருக்கும் இடத்தில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி முகம் முழுக்க மரத்துப்போகும் க்ரீம் பூசி உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண். இவள் நடுவில் நின்று, துணியில்லாத கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, அண்ணன் இஸ்திரிப் பெட்டியால் சுட்டான், பாருங்கள் என்று எல்லோருக்கும் புரிகிற இந்தியில் சொன்னாள். "மேரே பாய் நே ஜலாயா. ப்ரெஸ் ஸே. தேக்கோ." ஒருமுறை சொன்னால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. ஒவ்வொருத்தி முன்னாலும் போய் நின்று, கையை மூக்கருகே நீட்டி, அதையே சொன்னாள். கல்யாணப் பெண் முதலில் கத்தினாள், பிறகு போலீஸுக்குப் போன் போட்டவளும் அவளேதான்.

அண்ணன் வெளியே ஓடப் பார்த்தான். வாட்ச்மேனும் கீழே மெடிக்கல் கடைக்காரர்களும் அவனைப் படியில் போட்டு மிதித்தார்கள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் போதும் என்று குரல் கொடுக்கவில்லை.

போலீஸ் வருவதற்குள் மேடம் அந்தப் பெண்ணின் கையைத் தன் கையால் கழுவிக் கட்டுப் போட்டார். பிறகு என்னிடம் வந்தார். தைப்பதற்கு முன்னால் என்னை நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தி, டேப் ஒட்டின இடத்தில் போய் நின்று போட்டோ எடுத்தார். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதற்குப் பிறகுதான் ஊசியைத் தொட்டார். மயிரைவிட மெல்லிய நூல். "தழும்பு தெரியாது" என்றார்.

"தெரிஞ்சா தெரியட்டும்."

"நீங்கதான் மொதல்ல கை நீட்டினேள். அவன் கேஸ் குடுப்பான். இதை மறைக்காம எழுதணும்."

"எழுதுறேன். படத்தை அவனுக்கு யாரு அனுப்பினதுன்னும் எழுதணுமா?"

கை ஒரு நொடி நின்றது. "நான்தான் அனுப்பச் சொன்னேன்" என்றார். "இந்த கேஸை விட்டுட்டு மத்ததை அனுப்புன்னு சொல்லத் தோணலை." மறுபடி தைக்க ஆரம்பித்தார். அவருக்கும் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் ஊசி என் கண்ணுக்கு மேலே இருந்தது, அவர் அழுதுகொண்டும் இருந்தார்.

ஸ்டேஷனில் அன்று சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். அவன் என் மேல் புகார் கொடுத்தான், அவள் அவன் மேல் கொடுத்தாள். வயது வந்த பெண் என்பதால் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அவள் சொன்ன ஒரே சொல் போதுமானதாக இருந்தது. மேடத்தின் வக்கீல் வந்து தேவ்நார் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்தார். ஊரில் வைத்திருந்த கல்யாணம் நின்றது. அண்ணன் சில வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டான்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன் என்று போர்ட்ஃபோலியோவில் எழுதினேன். முதல் நாளே விருப்பமில்லை என்று குறித்து நிறுத்தியிருப்பேன், மேடத்திடம் அன்றே சொல்லியிருப்பேன், உதவி அமைப்பை அழைத்திருப்பேன், கோபத்தை அடக்கியிருப்பேன். கடைசியாகச் சொன்னது பச்சைப் பொய். மறுபடி அந்த நாள் வந்தால், முதல் தடவை அவன் தெருவைக் கேட்டபோதே அடித்திருப்பேன். அவளுக்குக் கையாவது மிஞ்சியிருக்கும். கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர்கள் அந்தப் பக்கங்களை மற்ற மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம் என்றார்கள். தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

சில மாதம் கழித்து அவள் தனியாக, தேவ்நாரிலிருந்து பஸ் பிடித்து, கிளினிக்குக்கு வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கை ஆறியிருந்தது, ஆனால் தழும்பு தடித்து, மேலே எழும்பி, பளபளவென்று இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே தெரிந்தது. இந்த மாதிரித் தழும்பு ராத்திரியெல்லாம் அரிக்கும்.

எனக்கு அதைச் சரி செய்யத் தெரியும். அதைத்தான் அந்த இரண்டு வருஷம் படித்தேன். "ஊசி போட்டு அமுக்கிரலாம். அப்புறம் மேல லேசர் குடுத்தா நல்லா மங்கிரும். ஒரு பைசா வேண்டாம்" என்றேன். அவசரமாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஏதாவது ஒன்று ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது.

"மங்கிருமாக்கா?" என்று கேட்டாள். டாக்டர் போய் அக்கா ஆகியிருந்தேன்.

"முக்கால்வாசி மங்கிரும்."

"அப்பம் வேண்டாம். கோர்ட்ல ஜட்ஜு பாக்கணும். மொதல்ல இருந்தது நான் எழுதச் சொன்னது. இது எங்கண்ணன் எழுதுனது. இதைத் தொடாண்டாம்." சொல்லிவிட்டுக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். "அரிப்புக்கு மட்டும் எதுனாச்சும் தாங்க. பேக்கிங் பண்ணும்போது சொறியக் கூடாதுங்காங்க."

ஜெல் ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எப்படித் தேய்க்க வேண்டும் என்று காட்டினேன். வாங்கிப் பையில் போட்டாள், எழுந்தாள், கதவு வரை போய் நின்றாள்.

"இன்னொண்ணு தாரீங்களாக்கா?"

"ஒண்ணே ரெண்டு மாசம் வரும். எதுக்கு?"

"எங்கம்மைக்கு. விடாமப் பிடிச்சிக்கிட்டு இருந்தால்லா, அவ பெருவெரலும் வெந்துபோச்சு. அதுவும் தடிச்சுப்போயி அரிக்குதாம். போன்ல சொல்லி அழுதா."

அந்தப் பெருவிரலை வெட்டி எறியணும் என்று வாய் வரை வந்தது. அவள் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்து இன்னொரு ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். அம்மா விரலிலும் இப்படித்தான், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, அழுத்தாமல் தேய்க்கச் சொல் என்றேன்.